விலா எலும்பு, லாமினின்: வி.பி.எஸ். வகுப்பில் எதைச் சொல்லலாம்?

கேள்வி: விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, 139ஆம் சங்கீதத்தை வைத்து மனித உடலையும் செல்லையும் பற்றி ஒரு வகுப்பு எடுக்கிறேன். மைக்ராஸ்கோப் ஒன்று இரவல் கிடைக்கும். ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு, செல்களைப் பிடித்து நிறுத்தும் லாமினின் புரதம் சிலுவை வடிவம் என்று வாட்ஸ்ஆப்பில் வந்தவற்றைச் சொல்லலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக 12 ஜோடி விலா எலும்புகள்தான். உடலை அறுத்துப் பார்த்து உடற்கூறியலாளர் வெசாலியஸ் 1543லேயே இதை எழுதிவிட்டார். ஏவாளை உருவாக்க எடுத்ததாக ஆதியாகமமும் ஆதாமின் ஒரு விலாவைத்தான் சொல்கிறது, அவன் பிள்ளைகளுடையதை அல்ல. விரல் இழந்தவருக்குப் பிறக்கும் குழந்தைக்குப் பத்து விரலும் இருக்குமே!

லாமினின் பாடநூல் படத்தில் சிலுவைபோல் இருப்பது உண்மை. ஆனால் அதன் கைகள் வளையக்கூடியவை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பல கோணங்களில் கிடக்கும். ஈக்கும் புழுவுக்கும்கூட அது உண்டு. பிள்ளையின் விசுவாசத்தை ஒரு வரைபடத்தில் தொங்கவிடாதீர்கள்.

'உடலிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் நீட்டினால் இத்தனை தூரம் போகும்' என்ற கணக்கிலும் கவனம் தேவை. உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் என்பது இன்றைய மதிப்பீடு. அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேல் சிவப்பணுக்கள். முதிர்ந்த சிவப்பணுவில் டிஎன்ஏ இருக்கும் உட்கருவே இல்லை. அதனால் மொத்த எண்ணிக்கையை ஒரு செல்லின் டிஎன்ஏ நீளமான 2 மீட்டரால் பெருக்கினால் விடை பொய்யாகிவிடும்.

ஒரே ஒரு செல்லை எடுங்கள், அதுவே போதும். 2 மீட்டர் டிஎன்ஏ, சுமார் 6 மைக்ரோமீட்டர் உட்கருவுக்குள் இருக்கிறது. இதை ஒரு லட்சம் மடங்கு பெரிதாக்கினால், தையல் நூல் தடிமனில் 200 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய திருச்சியிலிருந்து கோவை வரை நீளும் நூல், 60 சென்டிமீட்டர் பந்துக்குள் சுற்றியிருக்கிறது. அதுவும் சிக்கு விழாமல், வேண்டிய இடத்தைத் திறந்து படிக்கும்படி! ஒரு நூல்கண்டைக் கையில் கொடுத்துவிட்டு இதைச் சொல்லுங்கள். சங்கீதம் சொல்லும் 'பிரமிக்கத்தக்க அதிசயம்' என்பது அந்த இடத்தில் தானாக விளங்கும்.

இனி ஸ்லைடு. உங்கள் கன்னத்தின் உட்புறத்தைப் புதிய பஞ்சுக்குச்சியால் மெல்லத் தேயுங்கள். பிள்ளைகள் ஒருவர் குச்சியை மற்றவர் தொடக் கூடாது. ஸ்லைடில் ஒரு சொட்டு நார்மல் சலைன் (0.9% உப்புநீர்) விட்டு அதில் தடவுங்கள். வெறும் தண்ணீர் விட்டால் செல் நீரை உறிஞ்சி உப்பிவிடும். மெத்திலீன் நீலம் என்ற சாயம் ஒரு சொட்டு, இரண்டு நிமிடம் காத்திருப்பு. கவர் ஸ்லிப்பை (மேலே மூடும் மெல்லிய கண்ணாடி) சாய்த்து மெதுவாக இறக்கி, மிஞ்சிய சாயத்தை டிஷ்யூ காகிதத்தால் ஓரத்தில் ஒற்றியெடுங்கள். முதலில் 10 மடங்கு லென்ஸ், பிறகு 40.

எல்லாமே கருநீலமாகத் தெரிந்தால் சாயம் கூடிவிட்டது. குவியலாகத் தெரிந்தால் தடவியது கனம். ஒன்றுமே தெரியாவிட்டால் பெரும்பாலும் வெளிச்சம் அதிகம், மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டயஃப்ரத்தைக் குறுக்குங்கள். கறுப்பு விளிம்புள்ள வட்டத்தைப் பார்த்து "செல்! செல்!" என்று கத்துவார்கள், அது காற்றுக்குமிழி. வெளிர்நீலத் தகடும் நடுவே அடர்ந்த புள்ளியும் சேர்ந்ததுதான் செல். அந்தப் புள்ளிக்குள்தான் நீங்கள் காட்டிய நூல். முடிந்ததும் குச்சியையும் ஸ்லைடையும் பிளீச்சிங் கரைசலில் போடுங்கள்.

"ஸ்கூலில் பரிணாமம் என்கிறார்களே?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதட்டாதீர்கள். செல் உருவான விதத்தை உயிரியலாளர்கள் பரிணாமத்தால்தான் விளக்குகிறார்கள், தேர்வில் அதைப் படித்து எழுத வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். படைத்தவர் ஒருவர் உண்டு என்பது நம் விசுவாச அறிக்கை. அதை மைக்ராஸ்கோப் நிரூபித்துவிட்டதாகச் சொல்லாமல், அறிக்கையாகவே தைரியமாகச் சொல்லுங்கள்.