பணி ஆணை வரும்வரை அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்
வணக்கம் சகோதரி. பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்த உங்களுக்கு, செவிலியர் கவுன்சில் பதிவு எண் வந்ததும் வேலை என்று வாய்மொழியாக மட்டும் உறுதி சொல்லிவிட்டு, அசல் சான்றிதழ்களை ஒரு மருத்துவமனை இப்போதே கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அசலைக் காட்டிவிட்டு நகலை மட்டும் கொடுங்கள். சம்பளம், சேரும் தேதி, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆகியவை எழுதப்பட்ட பணி ஆணை கைக்கு வரும்வரை மற்ற நேர்காணல்களை நிறுத்த வேண்டாம். கர்நாடகச் செவிலியர் கவுன்சில் பதிவை உடனே முடித்துவிடுங்கள். நீங்கள் கேட்ட அமெரிக்க உரிமத் தேர்வான என்கிளெக்ஸைப் பெங்களூரிலேயே எழுதலாம் என்றாலும், 200 டாலர் பதிவுக் கட்டணத்தோடு, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள மையத்துக்கென 150 டாலரும், உரிமம் தரும் அமெரிக்க மாகாணச் செவிலியர் வாரியத்துக்கான செலவு தனியாகவும் ஆகும். தேர்ச்சி பெறாவிட்டால் மீண்டும் எழுதக் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். தேர்ச்சி பெற்றாலும் விசா தனி விஷயம் என்பதால், கடன் வாங்கி இப்போதே கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.