மறு: குதிரை மசால் மேய்ந்த ஆடு வயிறு உப்பிச் செத்தது

அண்ணாச்சி, மானூர்ப் பக்கம் விடியற்காலை பனி ஈரத்தோடு குதிரை மசால் (லூசர்ன்) தீவனப் பயிரில் ஆடுகளை விட்டதும் ரெண்டு ஆடு இடப்பக்கம் உப்பிச் செத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வயிற்று உப்புசமாகத்தான் இருக்கும். இளம் மசால் வயிற்றில் வேகமாகப் புளித்து நுரைத்துவிடும். காற்று அந்த நுரைக்குள் மாட்டிக்கொள்வதால் ஆட்டால் ஏப்பம் விட முடியாது.

வெறும் வயிற்றோடு விடவே கூடாது. முதலில் சோளத்தட்டை போடுங்கள். என்னைக் கேட்டால் மேய விடுவதே வேண்டாம். பூக்கத் தொடங்கும்போது அறுத்து, தண்டு துவள வாடவைத்து, தட்டையோடு கலந்து கொடுங்கள். 25–30 நாளில் அடுத்த அறுப்பு வந்துவிடும்.

மறுபடி உப்பினால் 50 மில்லி கடலை எண்ணெயை மெதுவாகப் புகட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அப்புறம், துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசி போட்டாயிற்றா? செழித்த தீவனத்தில் ஆடு திடீரெனச் சாவதற்கு அந்த நோயும் ஒரு காரணம்.