அப்பாவின் மறதியும் ஆயுளும்

கேள்வி: வெள்ளவத்தையில் அப்பாவோடு இருக்கிறேன். 76 வயது. சீனி வருத்தம், பிறஷர் இரண்டும் உண்டு. ஞாபகத்தையும் சிந்தனையையும் பார்க்கும் மொக்கா பரீட்சையில் 30க்கு 22 வந்தது. "இது டிமென்ஷியா இல்லை, இலேசான அறிவாற்றல் குறைவு" என்றார் டொக்டர். இப்படியானவர்களுக்கு ஆயுள் குறைவு என்று வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. உண்மையா?

பதில்: உண்மைதான். அதே வயதில் ஞாபகம் நன்றாக உள்ளவர்களைவிட இவர்களுக்கு மரண ஆபத்துக் கூட. அன்றாட வேலைகளைத் தானே செய்யமுடியாத அளவுக்கு மறதி, அதாவது டிமென்ஷியா, வந்தவர்களைவிடக் குறைவு. கிளினிக்கில் பார்க்கப்படும் 100 பேரில் ஆண்டுக்கு 10 முதல் 15 பேர் வரை டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள். சிலர் பழைய நிலைக்கே திரும்புவதும் உண்டு. ஆபத்தில் கணிசமான பங்கு இருதயம், பக்கவாதம், சீனி, விழுதல், கிருமித்தொற்று வழியாக வருகிறது. அந்த வழிகளை வீட்டிலேயே ஓரளவு அடைக்கலாம்.

முதலில் குளிசை. போட்டதை மறந்து திரும்பவும் போடுவார், அல்லது போட்டுவிட்டுச் சாப்பிட மறப்பார். சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் எடுப்பவருக்கு இதனால் இரத்தச் சீனி 70க்குக் (mg/dL) கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். வீட்டார் "மறதி கூடிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பிழை நடக்கிறது. உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 7 நாள் குளிசைப் பெட்டியை ஞாயிறு மாலை நீங்களே நிரப்புங்கள். மிச்ச அட்டைகளை அலுமாரியில் பூட்டி வையுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அட்டையும் கிடந்தால் இரண்டிலிருந்தும் எடுப்பார். இந்த வயதில் சீனியை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டுமா என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சீனிக்குப் போடும் மெட்போமினை நெடுங்காலம் எடுத்தால் பி12 விற்றமின் குறையலாம். அதையும் தைரொயிட்டையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் திருத்தக்கூடியவை.

பிறஷரை 5 நிமிடம் படுத்திருந்தபின் ஒருமுறை, எழுந்து நின்று 1ஆம், 3ஆம் நிமிடங்களில் ஒவ்வொருமுறை அளவுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், இரவில் மலசலகூடத்துக்கு எழும்பும்போது விழக்கூடும். கிளினிக் கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். தரையில் இழுபடும் சாரத்தை மடித்துத் தையுங்கள், வழியில் சிறு லைட் எரியட்டும்.

ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ அது சிறுநீர்த் தொற்று, நியூமோனியா, இரத்தத்தில் உப்புக் குறைவு என எதுவாகவும் இருக்கலாம். வெறும் மறதி இப்படி ஒரே இரவில் அதிகரிக்காது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மறதி உள்ள அம்மாவுக்குத் தடிமன். பாமசியில் பிரிட்டோன் வாங்கிக் கொடுக்கலாமா? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: வேண்டாம். அதிலுள்ள குளோர்பெனிரமின், ஞாபகத்துக்கு மூளை பாவிக்கும் அசற்றைல்கோலினின் வேலையைத் தடுக்கும். மயக்கம், குழப்பம், சிறுநீர் அடைப்பு வரலாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிற்றிப்ரிலினும் ஞாபகத்தை இதேபோல் தடுக்கும். அம்மா அதை எடுப்பவரென்றால் திடீரென்று நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டொக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.