கேள்வி பதில்: ஆணியில் ஆடும் ஊசலும் கையில் ஆடும் ஊசலும்

கேள்வி: பாடப்புத்தகத்தில் ஊசல் என்று ஒரு நூலையும் குண்டையும் வரைந்து, ஒரு சூத்திரம் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அதனால் வெளியே என்ன பயன்?
– பிளஸ் ஒன் மாணவி, மேலூர்

பதில்: மேலே ஓரிடத்தில் கட்டி, கீழே கனத்தைத் தொங்கவிட்டு, இழுத்து விட்டால் போய்ப் போய் வருகிற எல்லாமே ஊசல்தான்மா. மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தையொட்டி ஊஞ்சல் மண்டபம் இருக்கிறதே, அங்கே ஆடும் ஊஞ்சலும் அதில் சேர்த்தி. எட்டடிச் சங்கிலி என்றால் ஒருமுறை போய்வர 3 விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். கனம் கூடினாலும் குறைந்தாலும் அந்த நேரம் மாறாது, அளவாக ஆடும்வரை வீச்சாலும் அநேகமாக மாறாது, நீளம்தான் அதை மாற்றும். இதைப் பார்க்க லேப் எல்லாம் வேண்டாம். நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி, மேல் முடிச்சிலிருந்து நட்டின் நடுப்பகுதிவரை 25 செ.மீ. இருக்கும்படி ஆணியில் மாட்டி ஆட்டிவிட்டு 20 தடவை போய்வருவதை எண்ணு, செல்போனில் 20 விநாடி காட்டும். ஒரு மீட்டராக நீட்டினால் 40 விநாடி. நீளம் நாலு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு.

நீளத்தை விட்டால் அடுத்தது புவியீர்ப்பு. ஊசலின் பெரிய பயன் அங்கேதான் இருக்கிறது என்பேன். 1656-ல் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி ஊசல் கடிகாரம் செய்தார். 1672-ல் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கயேனுக்குப் போனார். பாரிஸில் ஒழுங்காக ஓடிய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரத்தில் கோளாறு இல்லை, அங்கே ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. பூமி நடுவில் பருத்திருக்கிறது என்று நியூட்டன் சொன்னதற்கு இதுவும் ஓர் ஆதாரமானது. அப்புறம் 1851-ல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பாரிஸில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, ஆடும் திசை மெல்லத் திரும்புவதைக் காட்டி, பூமி சுழல்வதை ஜனங்கள் கண்ணால் பார்க்கும்படி செய்தார். டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலும் அப்படி ஒன்று தொங்குகிறது, அது ஒரு முழுச் சுற்றுத் திரும்ப சுமார் 50 மணி நேரம். நம் மதுரையில் கட்டினால் சுமார் 139 மணி நேரம், கிட்டத்தட்ட ஆறு நாள் ஆகும், ஏனென்றால் நாம் நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கம். தைபேயில் 101 மாடிக் கட்டடத்தின் உச்சிக்குப் பக்கத்தில் 660 டன் உருண்டை ஒன்று தொங்குகிறது. காற்றில் கட்டடம் ஒருபக்கம் சாயும்போது இது எதிர்ப்பக்கம் போய் ஆட்டத்தை அடக்கும்.

கேள்வி: போர் போடுவதற்காக நீரோட்டம் பார்க்கிறவரை வரவழைத்தோம். நூலில் தொங்கும் பித்தளைக் குண்டைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நடந்தார், ஓரிடத்தில் அது தானாகச் சுற்றியது, என் கண்ணாலேயே பார்த்தேன். நம்பிப் போடலாமா?
– விவசாயி, உசிலம்பட்டி

பதில்: குண்டு சுற்றியது நிஜம்தான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அதைச் சுற்றவைத்தது தண்ணீர் இல்லை, அவர் கை. அது அவருக்கே தெரியாது. இதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இருநூறு வருஷத்துக்கு முன்பே தன் கையிலேயே சோதித்துப் பார்த்து, 1833-ல் எழுதியும் வைத்தார். பாதரசத்துக்கு மேலே பிடித்த ஊசல் நன்றாக ஆடியது, இடையில் கண்ணாடித் தகட்டை வைத்ததும் நின்றது. சரி, ஏதோ சக்தி இருக்கிறது என்றுதானே யாருக்கும் தோன்றும்? அவர் அதோடு விடவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு, இன்னொருவரை விட்டுத் தகட்டை வைக்கவும் எடுக்கவும் சொன்னார். வைத்ததற்கும் எடுத்ததற்கும் ஊசலில் ஒரு வித்தியாசமும் இல்லை. நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதற்குத் தகுந்தபடி விரல் நமக்கே தெரியாமல் அசைகிறது, நீண்ட நூல் அந்தச் சின்ன அசைவைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கர்ப்பிணி வயிற்றுக்கு மேல் மோதிரத்தை நூலில் ஆட்டி ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் இதே கதைதான்.

அப்படியானால் அவர் சொன்ன இடங்களில் எப்படித் தண்ணீர் வந்தது என்று கேட்பீர்கள். அனுபவசாலிகள் ஓடைக்கரை, பள்ளம், ஆலும் அத்தியும் நிற்கும் இடம், பக்கத்துக் கிணற்று நீர்மட்டம் எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவர்கள், அந்த அறிவுதான் கையில் இறங்குகிறது. அதற்கு நான் மரியாதை கொடுப்பேன். ஆனால் நம் பக்கம் பெரும்பாலும் கடும்பாறை. மேலே சிதைந்த பாறையிலும் அடியில் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்பு தப்பினால் எத்தனை அடி இறக்கினாலும் புழுதிதான் வரும், கடன்தான் மிஞ்சும். எனக்கு மனசு கேட்காமல் சொல்கிறேன், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். நிலத்தில் மின்சாரம் செலுத்தி, மின்தடையை அளந்து பாறை நிலவரம் பார்க்கும் ஆய்வை விவசாயிகளுக்குக் கட்டணத்தில் செய்து தருகிறார்கள். அதுவும் நூற்றுக்கு நூறு உறுதி தராது, ஆனாலும் மண்ணுக்கடியில் இருப்பதைத்தான் அது அளக்கிறது. அதற்கு முன்னால் நீரோட்டக்காரரிடம் தன்மையாகக் கேளுங்கள்: கண்ணைக் கட்டி, திசை மாற்றி, கையைப் பிடித்து மறுபடி கூட்டிப்போகிறேன், குண்டு அதே இடத்தில் சுற்றட்டும் அண்ணே என்று.

கேள்வி: தாத்தா காலத்துச் சாவி கொடுக்கும் கடிகாரம் மார்கழியில் சரியாக ஓடுகிறது, சித்திரையில் பின்தங்குகிறது. ரிப்பேருக்குக் கொடுக்கவா?
– இல்லத்தரசி, வாடிப்பட்டி

பதில்: வேண்டாம். வெயிலில் பெண்டுலத்தின் தண்டு நீள்கிறது, நீண்டால் ஆட்டம் மெதுவாகும், அவ்வளவுதான். பித்தளைத் தண்டு என்றால் 15 டிகிரி சூடு கூடும்போது நாளொன்றுக்கு 12 விநாடி பின்தங்கும், வாரத்துக்கு ஒன்றரை நிமிடம் ஆகிவிடும். குண்டுக்குக் கீழே சின்னதாக ஒரு நட்டு இருக்கும், அதை மேலே ஏற்றினால் கடிகாரம் வேகமாக ஓடும், இறக்கினால் மெதுவாகும். தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திருகுங்கள், இல்லாவிட்டால் மேலே அதைத் தாங்கும் மெல்லிய தகடு முறுக்கிக்கொள்ளும். பாதிச் சுற்று திருகி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, அப்புறம் அடுத்த பாதி. டிக் டிக் சத்தம் சம இடைவெளியில் கேட்கவில்லை என்றால் கடிகாரம் சுவரில் சாய்ந்து தொங்குகிறது, முதலில் அதை நேராக்கிவிட்டு நட்டில் கைவையுங்கள்.