ஈர்ப்புக்குப் பெயர் வைத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. இதுவரை ஆண்களைத்தான் காதலித்திருக்கிறேன், அதில் சந்தேகமே வந்ததில்லை. ஆறு மாதமாக, கூட வேலை பார்க்கும் ஒரு தோழி மேல் மனசு போகிறது. அவள் பேசிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொள்வாள். அந்தச் சில நொடிகளில் அவள் என்ன சொன்னாள் என்பதே எனக்குக் காதில் விழாது. தேடிப் பார்த்தால் வரிசையாகப் பெயர்கள் வருகின்றன, எதுவும் எனக்குச் சரியாகப் பொருந்தவில்லை. இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லைங்க. அந்தக் காதல்களும் உண்மை, இதுவும் உண்மை. புதிதாக ஒன்று வந்ததால் பழையது பொய்யாகிவிடாது.

நீங்கள் போட்டுப் பார்க்கிற பெயர்களுக்கு அவ்வளவு வயதுகூட ஆகவில்லை. 'ஹோமோசெக்சுவல்' (தன்பாலினர் மேல் ஈர்ப்புள்ளவர்), 'ஹெட்டரோசெக்சுவல்' (எதிர்பாலினர் மேல் ஈர்ப்புள்ளவர்) என்ற இரண்டு சொற்களையும் 1868-ல் கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற எழுத்தாளர் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய பிரஷ்ய (அன்றைய ஜெர்மானிய அரசு ஒன்றின்) சட்டத்தை எதிர்த்து, அடுத்த ஆண்டு அவர் தன் பெயர் போடாமல் வெளியிட்ட பிரசுரத்தில்தான் முதல் சொல் அச்சேறியது. ஒரு சட்டத்தோடு வாதாடப் பிறந்த சொல்லிடம் போய், என் மனசின் மூலைமுடுக்கை எல்லாம் சொல்லு என்று கேட்டால் அது பாவம், என்ன செய்யும்?

ஆல்ஃபிரட் கின்ஸி என்ற அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் 1948-ல் வெளியிட்ட ஆய்வில் 0 முதல் 6 வரை ஓர் அளவுகோல் போட்டார். எதிர்பாலினர் மேல் மட்டும் ஈர்ப்பு என்றால் 0, தன்பாலினர் மேல் மட்டும் என்றால் 6, நடுவில் எத்தனையோ பேர். (அதற்கு முன் பல வருடம் குளவிகளை ஆராய்ந்தவர் அவர், ஒரே இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று கண்ணால் பார்த்துப் பழகியவர்.) ஆனால் ஒரே கோட்டில் எல்லாம் அடங்குமா? ஃபிரிட்ஸ் க்ளைன் என்ற மனநல மருத்துவர் அதை ஏழாகப் பிரித்தார்: யார் மேல் ஈர்ப்பு, யாரோடு உறவு, கற்பனையில் யார், மனசு யாரிடம் ஒட்டுகிறது, யாரோடு பழகப் பிடிக்கிறது, எப்படிப்பட்டவர்கள் நடுவே வாழ்கிறீர்கள், உங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்பு, இப்போது, விருப்பம் என்று மூன்று பதில். மொத்தம் 21 கட்டங்கள். ஒருநாள் தனியாக உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே எண் வந்தால்தான் ஆச்சரியம்.

லிசா டைமண்ட் என்ற உளவியலாளர், எதிர்பால் ஈர்ப்பு மட்டுமே உள்ளவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளாத சுமார் 80 பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்தார். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒரு முறையாவது தங்கள் ஈர்ப்புக்கு வைத்த பெயரை மாற்றிக்கொண்டார்கள், பெயரே வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு. அதனால் அவசரப்படாதீர்கள். இருபாலீர்ப்பு என்ற சொல் பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்கவில்லையா, இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். யாருக்கும் நீங்கள் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் இந்தப் பெயர்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமே? எல்லோரும் மனிதர்கள்தானே?

பதில்: இதில் எனக்கு உடன்பாடு இல்லை. உலகமே யாரை 'இயல்பு' என்று எடுத்துக்கொள்கிறதோ அவர் பெயர் இல்லாமல் வாழ்ந்துவிடலாம். நம்மைப் போல வேறு யாருமே இல்லை என்று வருடக்கணக்கில் தவித்தவருக்கு, தன் நிலைக்கு ஒரு சொல் இருப்பதே பெரிய ஆறுதல், ஏனென்றால் சொல் இருந்தால் அதைச் சொல்கிற இன்னொருவரும் எங்கோ இருப்பார்.

சொல் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். 'ஓரினச்சேர்க்கை' என்றால் சேர்க்கை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. 'தன்பாலீர்ப்பு' என்று சொல்லிப் பாருங்கள், வாழ்நாளில் யாரையும் தொடாதவருக்கும் அதில் இடம் இருக்கிறது. பாலியல் ஈர்ப்பே தோன்றாதவர்களும் இருக்கிறார்கள். அளவுகோலில் அடங்காதவர்களை 'எக்ஸ்' என்று கின்ஸி ஓரமாக வைத்துவிட்டார், இன்று அவர்கள் தங்களுக்கென்று 'ஏசெக்சுவல்' என்ற ஒரு பெயரோடு பேசுகிறார்கள்.

கேள்வி: ஈர்ப்பு மாறலாம் என்று எழுதுகிறீர்கள். 24 வயது மகன் தனக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம் என்கிறான். சிகிச்சை கொடுத்து மாற்ற முடியாதா?
- ஒரு தந்தை

பதில்: முடியாது ஐயா. தயவுசெய்து முயலவும் வேண்டாம். சிலருக்கு அது தானாக நகர்கிறது, பலருக்குக் கடைசிவரை நகர்வதே இல்லை. வெளியிலிருந்து யாரும் பிடித்துத் தள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்பவர்களிடம் போய் வந்தவர்களில் பலருக்கு மிஞ்சுவது மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும்தான். உங்கள் மகன் பயந்து பயந்து, வார்த்தையைத் தேடி, கடைசியில் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். இன்று ராத்திரி அவர் பக்கத்தில் உட்காருங்கள். எவ்வளவு நாளாக இதை மனசில் வைத்திருந்தாய் என்று கேளுங்கள், அப்புறம் அவரைப் பேச விடுங்கள்.