ஹாரோவில் ஒயினுக்கு மதிப்பெண் போடப் போகும் தம்பிக்கு

ஸ்பெயினின் லோக்ரோன்யோவுக்கு வந்த புதிதிலேயே ஹாரோவிலுள்ள லோபெஸ் தெ எரேதியா ஒயின் ஆலைக்கு அலுவலகத்தார் அழைக்கிறார்கள், ஆளுக்கொரு தாளில் மதிப்பெண் போட வேண்டுமாம், குடித்துப் பழக்கமில்லாத சைவக்காரன் நான் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள் தம்பி.

முதலில் சைவம். அந்த ஆலையில் ஒயினைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்க்கிறார்கள். அது கசடை இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததைத்தான் எடுப்பார்கள். முட்டை பட்டதே வேண்டாம் என்றால் முகர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காரணத்தையும் சொல்லிவிடுங்கள். சுவைப்பதானால் விழுங்க வேண்டிய கட்டாயமில்லை. துப்புவதற்குப் பாத்திரம் கேளுங்கள். ஒயின் தொழிலில் இருப்பவர்களே துப்பித்தான் சுவைக்கிறார்கள், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

ஒரே ஆலையின் ஒயின்களில் தொடங்குவது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. கைப்பக்குவமும் நிலவறையும் ஒன்றுதான்; முக்கியமாக மாறுவது தோட்டமும் வயதும்தான். 1877இல் தொடங்கிய இந்த ஆலை இன்றும் பழைய அமெரிக்க ஓக் பீப்பாய்களையே நம்புகிறது. பீப்பாய் செய்யவும் பழுது பார்க்கவும் ஆலைக்குள்ளேயே பட்டறை உண்டு. இந்த ஒயின் வட்டாரமான ரியோஹாவின் விதிப்படி 'ரெசெர்வா' என்ற முதிர்ந்த வகைச் சிவப்பு ஒயினுக்கு மொத்தம் 3 ஆண்டுகள், அதில் ஓராண்டு பீப்பாயில் இருந்தால் போதும். இவர்களோ தங்கள் ஒயின்களில், ரெசெர்வா அல்லாத வின்யா குபியோவையே சுமார் 3 ஆண்டுகளும், பொஸ்கோனியா ரெசெர்வாவை 5 ஆண்டுகளும், தொந்தோனியா ரெசெர்வாவை 6 ஆண்டுகளும் பீப்பாயிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்காகவே இந்த ஆலையின் மேல் எனக்குத் தனி மரியாதை.

அதனால் நிறம் வெளிறி, ஓரத்தில் செங்கல் நிறம் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று நினைத்து மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அது வயதின் அடையாளம். மூன்றிலும் பெரும்பங்கு தெம்ப்ரானியோ திராட்சைதான். வாயில் வைத்ததும் துவர்ப்பைக் கவனியுங்கள். குபியோவில் அது வாழைப்பூவை வாயில் போட்டதுபோல் ஈறைப் பிடிக்கும். தொந்தோனியாவில் வயது அதைத் தணித்திருக்கும், புளிப்பு மட்டும் நிமிர்ந்து நிற்கும். விழுங்கினாலும் துப்பினாலும், அதன் பிறகு சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். நான் மதிப்பெண்ணில் பாதியை அதற்கே கொடுப்பேன்.

20க்கு என்றால் என் கணக்கில் குபியோ 14, பொஸ்கோனியா 17, தொந்தோனியா ரெசெர்வா 18. பொஸ்கோனியாவின் பழச்சுவை முதல் வாயிலேயே பிடித்துப்போகும். பலர் அதற்கே முதலிடம் தருவார்கள், நீங்களும் தரலாம். ஆனால் தொந்தோனியாவுக்கு உடனே மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். கிளாசில் அரை மணி நேரம் விட்டு மறுபடி முகர்ந்தால் மணமே மாறியிருக்கும்.

பக்கத்தில் இருப்பவர் தோல், புகையிலை, வனிலா என்று எழுதுவார். அதைப் பார்த்து எழுத வேண்டாம். புளி, கிராம்பு, உலர்ந்த திராட்சை என்று உங்கள் மூக்குக்குப் பட்டதை எழுதுங்கள்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஆனால் மதியம் 'ரியோஹா உருளைக்கிழங்கு' என்று ஒன்று வந்தால் தொடாதீர்கள், அதில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சி இருக்கும். காரை எடுக்காமல் ரயிலிலோ பஸ்ஸிலோ போங்கள்; ஆலை ரயில் நிலையப் பகுதியிலேயே இருக்கிறது. தாளில் ஒயினின் பெயரோடு அறுவடை ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு இல்லாத மதிப்பெண்ணை வைத்துக் கடையில் அதே புட்டியைத் தேடி வாங்க முடியாது.