சின்ன பட்ஜெட்டில் ட்ராக் டே: சொந்தக் காரைத் தயார் செய்வது பற்றிக் கேள்வி பதில்

ரேஸ் கார் வாங்க வசதி இல்லை, ஆனால் வீட்டில் இருக்கும் பெட்ரோல் ஹேட்ச்பேக்கை ஒருநாள் ரேஸ் ட்ராக்கில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் (அதுதான் ட்ராக் டே) என்று ஆசைப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவர்கள் போக நினைப்பது சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ட்ராக் அல்லது கோவை செட்டிப்பாளையம் கரி ட்ராக். அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

தாம்பரம்: அண்ணா, என்னிடம் 2009 ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் டே போகணும். கையில் 30,000 ரூபாய். ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்டும் மாற்றினால் பிக்-அப் வரும் என்று கடையில் சொல்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது?

தம்பி, அந்த இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சத்தம் கூடும், பணம் குறையும், அவ்வளவுதான். முதல் ரூபாய் பிரேக்குக்குத்தான் போகணும்.

காரணம் சொல்கிறேன். 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்து வளைவுக்கு முன்னால் 70-க்கு இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் பாதிதான் குறைந்திருக்கிறது, ஆனால் காரின் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கைக் கழித்தாக வேண்டும். அதில் பெரும்பகுதி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கிலும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேடிலும் வெப்பமாக இறங்கும். ஊருக்குள் இப்படி ஒரு பிரேக் அடித்தால், அடுத்த பிரேக் வருவதற்குள் டிஸ்க் ஆறிவிடும். 3.7 கிலோமீட்டர் ட்ராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை அடிக்கிறீர்கள். ஆற நேரமே இல்லை.

அதனால் முதல் வேலை பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அதற்குத் தரநிலை வைத்திருக்கும் எல்லை 140 டிகிரிதான். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. கடைசியாக எப்போது மாற்றினோம் என்றே தெரியாத காரில் டப்பாவைத் திறந்து பாருங்கள், டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். டாட் 3 என்று மூடியில் எழுதியிருந்தாலும் டாட் 4 தாராளமாக ஊற்றலாம். டாட் 5 மட்டும் கூடாது, அது சிலிகான், இதோடு சேராது. மெக்கானிக் டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினால் விடாதீர்கள். நான்கு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து, டியூபில் புது ஆயில் தெளிவாக, குமிழ் இல்லாமல் வரும்வரை பிளீட் செய்யச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

அப்புறம் முன் பேட். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுசு போடுங்கள். பேட் மெலிய மெலிய டிஸ்க் சூடு, பேடை அழுத்தும் காலிப்பருக்கும் ஆயிலுக்கும் சீக்கிரம் ஏறும். நல்ல கம்பெனிப் பேடே முதல் ட்ராக் டேக்குப் போதும். ஆயில், பேட், லேபர் எல்லாம் சேர்த்தாலும் உங்கள் பணத்தில் பெரும்பங்கு மிச்சம் இருக்கும். அது டயருக்கும் எஞ்சின் ஆயிலுக்கும்.

கோவை: கரி ட்ராக்கில் நாலைந்து சுற்று ஓட்டியதும் பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் கார் நிற்கவில்லை. நண்பர் காரில் பெடலே உள்ளே போய்விட்டது. இரண்டும் ஒரே கோளாறா?

இல்லை, வேறு வேறு. பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேடின் பிடிப்பு போய்விட்டது. அந்தப் பேட் தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டிவிட்டீர்கள். ஆறினால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்திருந்தால் பேடைக் கழற்றிப் பார்க்கணும்.

பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவியை அழுத்தினால் சுருங்கும். நீங்கள் மிதிப்பது முழுக்க அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே போகும். இது மிக ஆபத்தானது. ஆறிய பிறகு பெடல் சரியானது போலத் தெரியும். நம்பி மறுபடி ட்ராக்கில் இறங்கக் கூடாது. ஆயிலை மாற்றிய பிறகுதான் அந்தக் கார் ஓடணும், வீட்டுக்குப் போவதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கரி ட்ராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான், வளைவுகள் நெருக்கமாக வரும். வேகம் குறைவுதானே என்று நினைப்போம், ஆனால் ஒரு பிரேக்குக்கும் அடுத்ததுக்கும் இடையே ஆற இடம் கிடைக்காது. அதனால் நான்கு சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக என்று ஓட்டுங்கள். புதுப் பேட் போட்டிருந்தால் முந்தின வாரமே காலியான சாலையில் 80-லிருந்து 20 வரை, முழுசாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்து, பிறகு காற்றுப் பட ஓட்டி ஆறவிடுங்கள். ட்ராக்கிலிருந்து உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள், பெடலையும் மிதித்துக்கொண்டு நிற்காதீர்கள். சூடான டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தினால் அதன் பொருள் அங்கே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும்.

மதுரை: டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) நிறைய இருக்கிறது. அதிலேயே ஓட்டலாமா, பிடிப்பு அதிகமுள்ள மென்மையான ரப்பர் சாஃப்ட் டயர் வாங்கணுமா?

பட்டனைப் பார்ப்பதற்கு முன் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டிய டயரில் எவ்வளவு பட்டன் இருந்தாலும் நான் ட்ராக்குக்கு அனுப்ப மாட்டேன். ரப்பர் இறுகியிருக்கும். சைடில் சின்ன வெடிப்போ வீக்கமோ இருந்தால் பேச்சே இல்லை.

சாஃப்ட் டயர் முதல் வருடத்துக்கு வேண்டாம். சாதாரண டயர் எல்லையை நெருங்கும்போது கத்திச் சொல்லும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கைக்கும் காலுக்கும் பாடம் வரும்.

காசு அதிகம் ஆகாத ஒரு வேலை, காற்று. சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள், பங்க் மீட்டரை நம்பாதீர்கள். குளிர்ந்த டயரில் 30 வைத்துப் போனால் ஓடிய சூட்டில் நாலைந்து பி.எஸ்.ஐ. ஏறிவிடும். காற்றை எந்த அளவில் நிறுத்துவது என்று கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். டயரின் தரை தொடும் பகுதி முடிந்து சைடு தொடங்கும் ஓரத்தில் மூன்று இடத்தில் குறுக்கே கோடு போடுங்கள். பெரும்பாலான டயர்களில் அங்கே குட்டி முக்கோணம் அச்சடித்திருக்கும். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சாக்பீஸ் முக்கோணத்தின் நுனி வரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டி சைடு வரை அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்று ஏற்றுங்கள். நுனிக்கு வெகுமுன்பே நின்றுவிட்டால் கொஞ்சம் இறக்குங்கள். உள்ளே வந்தவுடன், சூடு ஆறுவதற்குள் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்முன் பழைய அளவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

வேலூர்: எங்கள் ஊர் வெயிலில் சும்மா ஓட்டினாலே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறுகிறது. ட்ராக்கில் தாங்குமா?

சும்மா ஓட்டும்போதே முள் ஏறினால் தாங்காது. அதை முதலில் சரி செய்யுங்கள். ரேடியேட்டரின் வெளிப்பக்கம் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கும், மெதுவான தண்ணீரில் பின்பக்கமிருந்து கழுவுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போயிருந்தால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். விலை குறைந்த சாமான், ஆனால் பல கார்களில் யாரும் மாற்றியதே இல்லை. ஹோஸைக் கையால் பிசைந்து பாருங்கள். ஃபேன் உரிய சூட்டில் சுழல்கிறதா என்று வண்டியை நிறுத்தி வைத்துப் பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ட்ராக்கில் ஏசி வேண்டாம். முள் ஏறினால் வேகத்தைக் குறைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிட்டு, உருட்டிக்கொண்டே உள்ளே வாருங்கள். எஞ்சின் ஆயிலைப் புதுசாக மாற்றி, டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரை வையுங்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுத்துவிடும். மேல் கோட்டைத் தாண்டவும் கூடாது. முடிந்தால் ஏப்ரல், மே வேண்டாம்.

ஈரோடு: ஸ்பிரிங் வெட்டிக் காரை இறக்கினால் வளைவில் நன்றாகப் பிடிக்குமாமே?

வேண்டவே வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் அதைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது, கார் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால் தடுக்கும் ரப்பர்) இடித்து இடித்து இன்னும் மோசமாக வழுக்கும். ஆர்.டி.ஓ. பிரச்சினை வேறு. அந்தப் பணத்தில் லோயர் ஆர்ம் புஷ்ஷும் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர்) ஷாக்ஸும் பாருங்கள். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் ஆட்டினால் வருவது டை ராட் எண்ட். ஆட்டம் இருக்கும் காரை ட்ராக்கில் இறக்கக் கூடாது. எல்லாம் இறுக்கமாக இருந்தால் அலைன்மென்ட் செய்யுங்கள், நாலு சக்கரத்துக்கும்.

சேலம்: ஐயா, கல்லூரியில் படிக்கும் என் மகள் வீட்டுக் காரில் ட்ராக் டே போக ஆசைப்படுகிறாள். பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?

அனுப்புங்கள் ஐயா. எதிர் வண்டி, மாடு, மரம் எதுவும் இல்லாத இடத்தில், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் வேகம் பழகுவது ஈ.சி.ஆரில் பழகுவதைவிடப் பல மடங்கு நல்லது. இந்த ஊரில் பெரிய பணம் இல்லாமலும் இந்த விளையாட்டு வளர்ந்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த பந்தய வீரர் கரிவர்தன் மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அந்த வகை ஃபார்முலா மாருதிதான். செட்டிப்பாளையம் ட்ராக்குக்குக் கரிவர்தன் பெயர் வைத்தது சும்மா இல்லை.

முதல் நாள் ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் உட்காரட்டும். என்னைக் கேட்டால், பிரேக் போக, வேறு எந்தப் பார்ட்ஸையும்விட அதற்குத்தான் முதலில் செலவு செய்வேன். ஹெல்மெட் முகம் முழுவதையும் மூடுவதாக இருக்கட்டும். கார் பந்தயத்துக்கான எஸ்.ஏ. வகை தீயையும் தாங்கும். அது விலை அதிகம், வாடகைக்குக் கிடைக்குமா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். பருத்தித் துணியில் முழுக்கை, அடிப்பாகம் மெல்லிய ஷூ. சீட்டில் முதுகு ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படணும்.

திருச்சி: ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கொடுக்குமா?

கொடுக்காது. நம் மோட்டார் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கு என்று எழுதியே இருக்கும். ட்ராக் டே பந்தயம் இல்லை என்று வாதாடி ஜெயிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு பம்பர், ஒரு ரேடியேட்டர், வீட்டுக்கு டோயிங், இந்தப் பணம் தனியாகக் கையில் இல்லை என்றால் இந்த மாதம் போக வேண்டாம், அடுத்த மாதம் போங்கள். இன்னொருவரிடம் இரவல் வாங்கிய காரில் போகவே கூடாது.

தாம்பரம் (மறுபடி): அண்ணா, பிரேக் வேலை முடிந்தது. அன்றைக்குக் காலையில் என்னென்ன பார்க்கணும்?

ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டு சாமி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். டிரைவர் பக்க மேட்டை முதலில் எடுங்கள், அது பெடலுக்கு அடியில் போய் மாட்டும். பேட்டரி கிளாம்பை இறுக்குங்கள். டோ ஹூக் (காரை இழுத்துச் செல்ல மாட்டும் கொக்கி) எந்த இடத்தில் மாட்டுவது என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் அரை டேங்க் இருக்கட்டும். கால் டேங்குக்குக் கீழே போனால் வளைவில் பம்புக்கு எட்டாமல் எஞ்சின் விக்கும்.

வீல் நட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஒவ்வொரு முறை ட்ராக்கிலிருந்து வந்து சக்கரம் ஆறியதும் மறுபடி பாருங்கள். கொடிகளைப் பற்றிச் சொல்லும்போது போனைப் பார்க்காமல் கேளுங்கள், மஞ்சள் காட்டினால் வேகம் குறைக்கணும், முந்தக் கூடாது. முதல் செஷனில் யாரையும் துரத்தாதீர்கள். மாலை கடைசி செஷனில் கை தளர்ந்ததாகத் தோன்றினால் ட்ராக்கில் இறங்காமல் விட்டுவிடுங்கள். அந்தக் காரிலேயேதான் ஜி.எஸ்.டி. ரோட்டில் வீட்டுக்குப் போகணும், அதற்கு முன்னால் பேட் எவ்வளவு மிச்சம் என்று சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள்.